அன்னபேதியும் உப்புத் தண்ணியும்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மணல் ரோஸ் நிறத்தில் இருக்கும். மழை பெய்தால் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும். சின்ன வயதில் அந்த மணலை அள்ளிச் சிரட்டையில் அமுக்கிக் கவிழ்த்து, கேக் என்று சொல்லி விளையாடியிருக்கிறோம். அது எப்படி ரோஸ் ஆனது என்று யாரும் கேட்டதில்லை. அப்பத்தா ஓலைக்குச் சாயம் போட்டுவிட்டு மிச்சத் தண்ணியைக் கொட்டுகிற இடம், அவ்வளவுதான்.

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில், கடலை ஒட்டிய பனங்காட்டு ஊர் எங்களுடையது. ஆண்களில் சிலர் கடலுக்குப் போவார்கள், சிலர் பனை ஏறுவார்கள். பெண்கள் பதநீர் காய்ச்சுவார்கள், பெட்டி முடைவார்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை எடுத்துவிட்டு, நாடா நாடாகக் கிழித்து, சாயத்தில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி முடைய வேண்டும். மிட்டாய்ப் பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை என்று ராமேஸ்வரத்துக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

சாயம் போடுகிற நாள் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. மூன்று கல் கூட்டி, கருவேல விறகு வைத்து, மேலே எண்ணெய் டின் ஒன்று. பேப்பர் பொட்டலத்தில் சாயப்பொடி. பொடியாகப் பார்த்தால் வண்டின் முதுகு போலப் பச்சையாக மினுங்கும். அப்பத்தா ஒரு சிட்டிகை எடுத்துக் கொதிக்கிற தண்ணியில் தூவும். விழுந்த இடத்திலிருந்து ரோஸ் நூல் நூலாக இறங்கி, கண்மூடித் திறப்பதற்குள் டின் முழுக்கப் பரவிவிடும். அந்த வாரம் முழுக்க அப்பத்தாவின் நகக்கண்ணில் ரோஸ் இருக்கும். அதே விரலால்தான் எங்களுக்குச் சோறு பிசைந்து உருட்டித் தரும்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரோடமைன் பி என்ற சாயம் அதில் இருந்ததுதான் காரணம். அன்று சாயங்காலம் சித்தி போன் போட்டார்.

“ஏத்தா, டிவில ஒரு ரோஸ் பொடி பேரு சொல்றாங்களே, அது நம்ம ஓலைக்குப் போடுறதா?”

“அதாத்தான் இருக்கும் சித்தி.”

“அப்ப இத்தன வருசமா நாம கிணத்தடில ஊத்துனது?”

எனக்குப் பதில் வரவில்லை. நான் வேதியியல் படித்தவள். எம்ஃபில்லில் நான் எடுத்துக்கொண்டதே சாயத் தண்ணீரைச் சுத்தப்படுத்துவதுதான். எட்டு வருடமாக ராமநாதபுரத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாட்டில் பாட்டிலாக வரும் தண்ணீரில் உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் கொல்லை மணலை ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. அந்த வருத்தத்தில் தொடங்கி, அடுத்த இரண்டு வருடம் லீவு நாட்களில் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொட்டலத்தில் இருப்பது என்ன என்று பார்த்தேன். கடைக்காரருக்கு ‘ரோஸ்’, ‘பச்சை’, ‘ஊதா’ என்பதற்கு மேல் தெரியாது. ரோஸைக் கரைத்து, எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் வைத்தபோது 554 நானோமீட்டரில் உச்சம் காட்டியது. புற ஊதா விளக்கின் கீழ் தண்ணீர் ஆரஞ்சாக ஒளிர்ந்தது. ரோடமைன் பியின் அடையாளம் இரண்டும் பொருந்தியது. பச்சையின் உச்சம் 617க்குப் பக்கத்தில் விழுந்தது. மாலகைட் பச்சை விழுகிற இடம் அது. என்னை அதிகமாகக் கலக்கியது இந்தப் பச்சைதான். மீன் உடம்பில் போனால் இது நிறமில்லாத இன்னொரு வடிவத்துக்கு மாறி, கொழுப்பிலும் சதையிலும் நெடுநாள் தங்கும். பார்த்தால் தெரியாது. உணவுக்கு வளர்க்கும் மீனில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று பல நாடுகளில் தடையே இருக்கிறது. கடலோரத்தில் குடியிருக்கிற நாங்கள் அதைக் கிணற்றடியில் கொட்டிக்கொண்டிருந்தோம்.

சாயத்தை உண்டாக்கியவர்கள் அது நிற்க வேண்டும் என்றே உண்டாக்கினார்கள். வெயிலையும் சோப்பையும் தாங்க வேண்டும் என்று கட்டிய மூலக்கூறு மண்ணில் விழுந்ததும் மட்கிவிடாது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அதைச் சுலபமாகக் கடிக்கத் தெரியாது. பூச்சிமருந்துகள் பலவும் இந்த ரகம்தான். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011இல் நிறுத்தியது. நிலைத்து நிற்கும் கரிம நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது அதே ஆண்டில்தான் ஏறியது. எங்கள் மாவட்டத்து மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் எதை அடித்தாலும் மழைத்தண்ணி அதைக் கண்மாயில் சேர்க்கும், கண்மாய் மறுகால் பாய்ந்தால் கடைசியில் கடல். வடிகட்டினால் இதெல்லாம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும், அவ்வளவுதான். ஊருக்கு ஊர் ஆர்ஓ வந்துவிட்டது. நல்ல தண்ணி ஒரு குழாயில் வந்தால், விட்டுப்போன உப்பும் நஞ்சும் சேர்ந்து கெட்டியாகி இன்னொரு குழாயில் ஓடைக்குப் போகிறது. அழிக்க வேண்டும் என்றால் மூலக்கூறை உடைத்தாக வேண்டும்.

உடைக்கிற வித்தையைத்தான் எம்ஃபில் படித்த மதுரையில் கற்றுக்கொண்டேன். முதல் நாள் பார்த்த செய்முறை இன்றும் எனக்கு ஆச்சரியம். மூன்று பீக்கரில் சாயத் தண்ணீர். ஒன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் விட்டோம். புண் கழுவ மருந்துக்கடையில் தருவார்களே, அதேதான், கொஞ்சம் கெட்டியானது. நிறம் அசையவில்லை. இரண்டாவதில் அன்னபேதி மட்டும். நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கிற பச்சை நிறப் படிகம், இரும்பு சல்ஃபேட். அதிலும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் கொஞ்சம் அமிலம் சேர்த்து, இரண்டையும் போட்டோம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ரோஸ் வெளுத்துத் தண்ணீர் தெளிந்துவிட்டது.

தனித்தனியாகச் சாதுவாக இருக்கும் இரண்டு பொருள் சேர்ந்தால் ஏன் இந்த வேகம்? இரும்பு போய் பெராக்சைடை உடைக்கும்போது ஹைட்ராக்சில் என்ற ஒரு தனித் துண்டு பிறக்கிறது. ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடி இல்லாத ஒரு எலக்ட்ரான். அந்த எலக்ட்ரானுக்குத் துணை தேடி, பக்கத்தில் எது இருந்தாலும் பிடுங்கும். ஆக்சிஜனேற்ற வலுவை வோல்ட்டில் சொன்னால் குளோரின் 1.36, ஓசோன் 2.07, இது 2.8. அதன் ஆயுள் நானோ நொடிக் கணக்கு. பிறந்த இடத்தைவிட்டு நகர்வதற்குள் எதையாவது அடித்துவிட்டு மறைந்துவிடும்.

இதை விரிவாக எழுதி வெளியிட்டவர் ஹென்றி ஃபென்டன், 1894இல். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து டார்டாரிக் அமிலத்தை என்ன செய்கிறது என்றுதான் அவர் பார்த்தார். டார்டாரிக் அமிலம் வேறொன்றுமில்லை, நம் புளியில் புளிப்பது அதுதான். இந்த விஷயத்தைப் படித்த அன்று எனக்கு இந்த வேதியியல் ரொம்ப நெருக்கமாகிவிட்டது. உள்ளே நடப்பது ஹைட்ராக்சில் வேலை என்று ஹேபரும் வைஸும் சொன்னது 1934இல். அப்புறம் ஓசோனோடு பெராக்சைடு, புற ஊதா ஒளியோடு பெராக்சைடு, டைட்டானியம் டையாக்சைடோடு வெளிச்சம் என்று பல கூட்டணிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பொது, ஹைட்ராக்சிலைப் பிறக்க வைப்பது. 1987இல் வில்லியம் கிளேஸும் உடன் வேலை செய்தவர்களும் இவை எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகப் பார்த்து, மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகள் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் நிறம் போவது பாதி வேலைதான். சாய மூலக்கூறில் நிறம் தருகிற பகுதி முதல் அடியிலேயே அறுந்துவிடும். மிச்சத் துண்டுகள் தண்ணீருக்குள்ளேதான் இருக்கும். அவற்றை மறுபடி மறுபடி அடித்துச் சின்னச் சின்ன அமிலங்களாக்கி, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாக ஆக்கினால்தான் முழுசாக அழிந்தது என்று சொல்லலாம். நடுவில் ஆக்சாலிக் அமிலம் வந்து இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை இருட்டில் உடைக்க முடியாது. வெயில் பட்டால் உடையும். அதனால்தான் அன்னபேதி, பெராக்சைடு இரண்டோடும் வெயிலைச் சேர்க்கிறார்கள். ஸ்பெயினில் அல்மெரியா என்ற வறண்ட பகுதியில் இருக்கும் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வேலை பல வருடமாக நடக்கிறது. வெயிலுக்கு எங்கள் ஊரிலும் குறைவில்லை.

இந்த நம்பிக்கையோடுதான் ஒரு சித்திரை மாதம், சித்தி வீட்டுக் கொல்லையில், அப்பத்தாவின் டின் தண்ணியில் நாலு லிட்டரை எடுத்து, எம்ஃபில்லில் போட்ட அதே அளவுக் கணக்கில் எல்லாவற்றையும் போட்டேன். சித்தியும் பக்கத்து வீட்டு மதினியும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அரை மணி நேரம் ஆகியும் ரோஸ் ரோஸாகவே இருந்தது. லேசாக வெளிறியது, அவ்வளவுதான்.

மதுரையில் நான் சாயத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்திருந்தேன். அப்பத்தா கிணற்றுத் தண்ணியில் கரைத்தது. வித்தியாசம் அங்கேதான்.

மறுநாள் கிணற்றுத் தண்ணியைக் கூடத்துக்கு எடுத்துப் போய் குளோரைடு பார்த்தேன். எங்கள் வேலையிலேயே எனக்குப் பிடித்த சோதனை இது. தண்ணியில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டால் எலுமிச்சை மஞ்சள் ஆகும். பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டு விழும்போதும் சிவப்பு மின்னி, குடுவையைச் சுற்றினால் மறையும். உப்பு தீர்ந்த நொடியில் மறையாமல் செங்கல் நிறம் நிற்கும். ஊருணித் தண்ணிக்குச் சீக்கிரம் நின்றுவிடும். எங்கள் கிணற்றுக்குக் கை கடுக்கும் வரை விட்டேன், நிற்கவில்லை. பத்து மடங்கு நீர்த்து மறுபடி செய்ததில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 250தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியே இல்லையென்றால் 1,000.

அந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். கழிவில் சாயம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடையில் பார்த்தால் குளோரைடு அறுபது மடங்கு. மூலக்கூறாக எண்ணினால் ஒரு சாயத்துக்குச் சுமார் 800 குளோரைடு. கடல் நீரில், அதாவது லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு உள்ள தண்ணீரில், ஒரு சாயத்துக்கு 5,000க்கு மேல். பிறந்த இடத்தைவிட்டு நகர நேரமில்லாத ஹைட்ராக்சில் யாரைப் போய் அடிக்கும்? எண்ணூறு பேர் நிற்கும் கூட்டத்தில் அது தேடிவந்த ஆள் கண்ணிலேயே படமாட்டான்.

இதில் இன்னொரு சிக்கல். ஹைட்ராக்சில் குளோரைடைப் பிடித்தாலும், அமிலம் இல்லாத தண்ணீராக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிட்டுத் திரும்பிவிடும். அமிலத்தில் அப்படித் திரும்ப முடியாது, குளோரின் துண்டாக மாறிவிடும். ஃபென்டன் முறைக்கோ அமிலம் வேண்டும். பிஎச் 3ஐ விட்டு மேலே போனால் இரும்பு துருவாக அடியில் போய்விடும். ஆக, இந்த முறை நன்றாக வேலை செய்யும் நிலையும் உப்பு அதைக் கெடுக்கும் நிலையும் ஒன்றே. பிறந்த குளோரின் துண்டுகள் சும்மாவும் இருக்காது. சாயத்தின் உடைந்த துண்டுகளில் ஒட்டிக்கொண்டு குளோரின் ஏறிய புதுச் சேர்மங்களை உண்டாக்கும். சில நேரம் பழைய சாயத்தைவிட அவை மோசம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இதை நான் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு வெளியூர் நிறுவனம் எங்கள் ஊர் மகளிர் குழுவைத் தேடி வந்தது. ஓசோன் பெட்டி ஒன்று, எந்தக் கழிவுத் தண்ணியையும் சுத்தம் செய்யும் என்றார்கள். சமுதாயக் கூடத்தில் செய்து காட்டினார்கள். பத்து நிமிஷத்தில் ரோஸ் தண்ணி வெள்ளையானது. எல்லோரும் கை தட்டினார்கள். சாயம் கரைத்தது அவர்கள் கொண்டுவந்த கேன் தண்ணியில் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. குழுச் சேமிப்பிலிருந்து முன்பணம் கொடுத்தார்கள்.

பெட்டி வந்து கிணற்றுத் தண்ணியில் ஓடியது. நிறம் போனது உண்மைதான். ஆனால் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை. பக்கத்தில் நின்றால் கண் எரிந்தது. ஒரு ராத்திரி மூடிவைத்து, ஓசோன் முழுக்க அடங்கின பிறகு, காலையில் டிபிடி மாத்திரை போட்டுப் பார்த்தேன். குளோரினோ புரோமினோ இருந்தால் அது ரோஸாக மாறும். சோதனைக் குழாய் நல்ல ரோஸானது. சித்தி பார்த்துவிட்டு, “மறுபடியும் ரோஸா?” என்றார். சாயத்தின் ரோஸ் இல்லை சித்தி, இது வேறு என்று விளக்கிச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கடல் நீரில் லிட்டருக்கு 67 மில்லிகிராம் அளவுக்குப் புரோமைடு உண்டு. கடல் ஏறிய கிணறுகளிலும் அதே விகிதத்தில் இருக்கும், எங்கள் கிணற்றுக்கு அது ஏறக்குறைய 10 மில்லிகிராம். ஓசோன் குளோரைடை அவ்வளவாகச் சீண்டாது, புரோமைடைப் பார்த்ததும் பாயும். முதலில் புரோமின், பிறகு மெல்ல மெல்லப் புரோமேட். குடிநீரில் புரோமேட்டுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். எங்கள் கிணற்றுப் புரோமைடில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே எல்லையைத் தாண்டும். பெட்டியில் குறை என்று நான் சொல்ல மாட்டேன். உள்நாட்டில் நல்ல தண்ணிக்கு அது உதவும். ஆனால் எங்கள் தண்ணியை ஒரு பாட்டில் பிடித்துப் பார்க்காமல் விற்றார்களே, அதுதான் மன்னிக்க முடியாதது. முன்பணம் திரும்பி வரவில்லை. பன்னிரண்டு பெண்கள் வாரா வாரம் போட்ட காசு அது.

என் பங்குக்கு நானும் ஒரு தப்புச் செய்தேன். ஒரு முறை தெளிந்த தண்ணியில் சிஓடி, அதாவது அதில் உள்ள கரிம அழுக்கை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு, பார்த்தபோது, சுத்தம் செய்வதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாகக் காட்டியது. இரண்டு நாள் குழம்பினேன். மிச்சம் இருந்த பெராக்சைடு அந்தச் சோதனையில் போடும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும், ஒரு மில்லிகிராம் பெராக்சைடு 0.47 மில்லிகிராம் சிஓடியாகக் காட்டும். போதாததற்குக் குளோரைடும் அதே வேலையைச் செய்யும், அதை அடக்கப் பாதரச சல்ஃபேட் போட வேண்டும். உப்புத் தண்ணி அறிக்கையில் சிஓடி எண்ணைப் பார்த்தால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, குளோரைடு எவ்வளவு, பெராக்சைடைப் போக்கினீர்களா என்றுதான்.

சரி, உப்பு உள்ள ஊரில் இந்த முறைக்கு இடமே இல்லையா? அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் சாக்கடைத் தண்ணீரையே சுத்தம் செய்து நிலத்தடியில் சேர்க்கிறார்கள், 2008இலிருந்து. அங்கே புற ஊதாவும் பெராக்சைடும் கடைசிப் படியில்தான் வருகின்றன. அதற்கு முன்னாலேயே ஆர்ஓ உப்பை எடுத்துவிடுகிறது. ஆர்ஓவுக்கும் டிமிக்கி கொடுத்துத் தப்பும் என்டிஎம்ஏ, 1,4-டையாக்ஸேன் போன்ற சின்ன மூலக்கூறுகளைத்தான் ஒளியும் பெராக்சைடும் சேர்ந்து உடைக்கின்றன. தெளிந்த, உப்பில்லாத தண்ணீரில் மிச்சம் மீதியை அடிக்கிற வேலை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் எல்லாம். அதை எங்கள் கொல்லைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆர்ஓவுக்குக் காசும் இல்லை, சாயம் அதன் சவ்வை நாலு நாளில் அடைத்துவிடும். புற ஊதா விளக்கும் ஆகாது, சாயத் தண்ணியே ஒளியைக் குடித்துவிடும்.

வழி சித்தி வீட்டு அடுப்படியில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஊருணித் தண்ணி கலங்கி வந்தால் குடத்துக்குள் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். அப்புறம் மணலும் கரியும் போட்ட பானையில் ஊற்றி வடிப்பார்கள். தெளிவு ஒரு படி, கரி ஒரு படி. ஒரு நாள் அந்தப் பானையைக் கழுவிக்கொண்டே சித்தி கேட்டார்: “உப்புதான் தொந்தரவுன்னா, உப்ப எடுக்கறத விட்டுட்டு சாயத்த மட்டும் தனியா எடுத்துக்க முடியாதா?”

அவ்வளவுதான் விஷயம். இரண்டு வருடமாக நான் தண்ணியிலிருந்து உப்பை எப்படி விலக்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கரி உப்பைத் தொடாது, சாயத்தைப் பிடிக்கும். பிடித்த கரியை உப்புத் தண்ணியிலிருந்து வெளியே எடுத்து, மழைத்தண்ணியில் அலசி, அந்தக் கொஞ்சம் நல்ல தண்ணிக்குள் வைத்து உடைத்தால் குறுக்கே நிற்கக் குளோரைடு இருக்காது. கரியில் பிடிப்பது, பிறகு ஃபென்டன் முறையில் கரியைப் புதுப்பிப்பது என்று ஆராய்ச்சி உலகில் ஏற்கெனவே செய்கிறார்கள்தான். எனக்கு அதை எங்கள் கொல்லையோடு பொருத்திப் பார்க்க வரவில்லை, சித்திக்கு வந்தது.

கரிக்கு ராமநாதபுரத்தில் பஞ்சமா? சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு லாரி லாரியாக அனுப்புகிற மாவட்டம். மூட்டத்தில் உதிர்ந்த தூள்கரி இரண்டு மூட்டை வாங்கினோம். இடித்து, சல்லடையில் சலித்து, சாம்பல் போகும் வரை அலசி, அடியில் ஓட்டை போட்ட நீலப் பீப்பாயில் மணல், கரி, மணல் என்று அடுக்கினோம். மேலே சாயத் தண்ணி, கீழே சொட்டுச் சொட்டாக வெளியே. முதல் நாள் வந்த தண்ணி நிறமே இல்லாமல் வெறும் தண்ணி போலவே இருந்தது. மூன்றாவது வாரம் லேசாக ரோஸ் எட்டிப் பார்த்தது. கடையில் விற்கும் கிளர்வுற்ற கரி என்றால் இன்னும் நிறையப் பிடித்திருக்கும், மூட்டத்துக் கரிக்கு நுண்துளை குறைவு.

பிறகு கரியை அள்ளி, மழைத்தண்ணியில் மூன்று முறை அலசினோம். கடைசி அலசலில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் பால் போலக் கலங்கக் கூடாது, அதுவரை அலச வேண்டும். அகலமான பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, முழுகும் அளவுக்கு மழைத்தண்ணி, கொஞ்சம் அமிலம், அன்னபேதி. பெராக்சைடை ஒரே அடியாக ஊற்றினால் கரியே அதை ஆக்சிஜனாக நுரைத்து வீணடித்துவிடும். அதனால் கால் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். உச்சி வெயில். தட்டில் பொடிப் பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது, காதைக் கிட்டே வைத்தால் சர்ரென்று மெல்லிய சத்தம். பெராக்சைடு ஒரு சொட்டு கையுறைக்கு மேலே மணிக்கட்டில் பட்டு, அந்த இடம் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு தடவியது போல ஆனது. எரிச்சல் அடங்க ஒரு மணி நேரம் ஆனது. இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பிள்ளைகளை நான் கொல்லைப் பக்கமே விடவில்லை. பழகிய கையோடு, கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யும் வேலை.

சாயங்காலம் சுண்ணாம்புத் தண்ணி விட்டு அமிலத்தைப் போக்கியபோது இரும்பு துரு நிறத்தில் திரண்டு இறங்கியது. மேலே இருந்த தண்ணியில் நிறம் இல்லை, பெராக்சைடு போன பிறகு பார்த்த சிஓடியும் நன்றாக இறங்கியிருந்தது. குளோரைடு ஏறக்குறைய இல்லாததால் இந்த முறை அந்த எண்ணை நம்ப முடிந்தது. அதே கரியை மறுபடி பீப்பாயில் போட்டோம், பிடித்தது. மூன்றாம் தடவைக்கு முதல் தடவையில் பாதிதான் பிடித்தது.

எல்லா நஞ்சுக்கும் இது மருந்தல்ல. ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றில் வரும் ஃபுளோரின் சேர்மங்களைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கார்பனும் ஃபுளோரினும் கைகோத்தால் அந்தப் பிடியை ஹைட்ராக்சிலால் பிரிக்க முடியாது. கரி பிடிக்கும், அதோடு சரி. உடைக்க வேறு வழிகள், வேறு விலை.

உண்மையைச் சொன்னால், எங்கள் ஊரில் அதிக மாற்றம் தந்தது இந்தத் தட்டுகூட இல்லை. டின் தண்ணியை ஒரு முறையோடு கொட்டாமல், தீர்ந்த அளவுக்கு மட்டும் பொடி சேர்த்து அஞ்சு நடை ஓலையை அதிலேயே வேகவைக்கிறார்கள். கொட்ட வேண்டிய தண்ணி ஐந்தில் ஒன்றாகிவிட்டது. கடைசி நடைக்கு வெளிர் ரோஸ்தான் வரும். அந்த வெளிர் ரோஸுக்கென்று ராமேஸ்வரத்தில் தனியாக ஒரு கடைக்காரர் வாங்குகிறார். சாயம் கரைக்கக் கிணற்றுத் தண்ணியை விட்டுவிட்டு, மொட்டைமாடித் தொட்டி மழைத்தண்ணியை எடுக்கிறார்கள். வைகாசி தாண்டினால் தொட்டி காலி. அப்போது தள்ளுவண்டியில் குடம் வைத்து நல்ல தண்ணி கொண்டுவர வேண்டும், குடிக்கிற தண்ணியைச் சாயத்துக்கு ஊற்ற எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. பச்சைப் பொடியை மட்டும் குழுவே பேசி நிறுத்திவிட்டது.

மிச்சம் இருப்பது துருச்சேறும் கொல்லை மணலும். சேறு காய்ந்து செங்கல்தூள் மாதிரி இரண்டு பெயிண்ட் வாளியில் மூடிக் கிடக்கிறது. மணலைப் போன புரட்டாசியில் தோண்டினோம். பிவிசி குழாயை அடித்து இறக்கி உருவிப் பார்த்ததில், முழங்கை ஆழத்துக்கு ரோஸ், அதற்குக் கீழே போகப்போக வெளிறி, பிறகு சாதாரண வெள்ளை மணல். கிணற்றுத் தண்ணியில் 554இல் உச்சம் தெரியவில்லை. எங்கள் கருவியின் கண்ணுக்கு எட்டிய வரை அவ்வளவுதான் சொல்வேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அள்ளிவிட வேண்டும் என்று சித்தி அவசரப்படுத்தினார். ஏழு உர மூட்டையில் கட்டி, தார்ப்பாய் போட்டு, தரையில் படாமல் பனந்தடி மேல் அடுக்கி வைத்திருக்கிறோம். அந்த மணலிலும் கடலோர உப்பு இருக்கிறது. அதைத்தான் முதலில் அலச வேண்டும். அலசுகிற தண்ணியோடு சாயமும் கொஞ்சம் வரும், அது பீப்பாய்க்குப் போகும். ஒரு மூட்டையில் ஆரம்பித்திருக்கிறேன். நேற்று மூன்றாவது அலசல். வெள்ளி நைட்ரேட்டுக்கு இன்னும் பால் போலக் கலங்குகிறது.